நேர்கோட்டுக்கு வெளியே ஐந்து மில்லிமீட்டர்

மூன்று பல்சக்கரம் கொண்ட பழைய கிராங்கைக் கழற்றிவிட்டு ஒற்றைப் பல்சக்கரக் கிராங்கை மாட்டுவது கியர் சைக்கிள்காரர்கள் விரும்பிச் செய்யும் மாற்றம். மாட்டியதும் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றி மேடு ஏறும்போதுதான் கரகரவென்று சத்தம் வரும். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினால் செயின் தானாகவே அடுத்த சக்கரத்தில் இறங்கிவிடும். பலரும் கியர் கேபிளைத் திருகிப் பார்ப்பார்கள். கோளாறு அங்கே இல்லை. முன்பக்கப் பல்சக்கரம் சில மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கிறது.

சைக்கிளின் நடுத்தளத்திலிருந்து முன் பல்சக்கரத்தின் பற்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதுதான் செயின்லைன். பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுப்பான கேசட்டின் நடுப்பகுதிக்கும் இதே போல ஓர் அளவு உண்டு. இரண்டு பல்சக்கரம் கொண்ட சாலை சைக்கிளில், அவற்றின் இடைநடுவை நெடுங்காலம் 43.5 மி.மீ. தூரத்தில் வைத்து வந்தது ஷிமானோ நிறுவனம். மலைச் சைக்கிளின் மூன்று சக்கரக் கிராங்கில் நடுச் சக்கரம் 47.5 அல்லது 50 மி.மீ. தள்ளி இருக்கும்.

அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். சீட்டுக் குழாயின் விட்டம் 28.6 மி.மீ. என்றால் அதில் பாதி 14.3. குழாயின் வெளிப்பரப்பிலிருந்து பல்லின் நடுவுக்கு 29.2 வந்தால், கூட்டினால் 43.5. பின்பக்கத்துக்குக் கூட்டல் இல்லை, கழித்தல். ஹப் பொருந்தும் இடைவெளி 135 என்றால் பாதி 67.5. ஃபிரேமின் உள்முகத்திலிருந்து கேசட்டின் நடு 22 மி.மீ. உள்ளே இருந்தால் மிச்சம் 45.5.

முன்னே 50, பின்னே 45.5 என்று வந்தால் என்ன ஆகும்? பத்து சக்கரக் கேசட்டின் முதல் சக்கரத்துக்கும் கடைசிச் சக்கரத்துக்கும் இடையே சுமார் 36 மி.மீ. முன்பக்கம் நேராக இருந்தால் இரு ஓரங்களுக்கும் செயின் 18 மி.மீ. சாய்ந்தால் போதும். இப்படி ஏறக்குறைய ஐந்து மி.மீ. வெளியே போய்விட்டால் சின்ன சக்கரத்துக்கு 13, பெரிய சக்கரத்துக்கு 23. மூச்சு வாங்க மிதிக்கும் கியரில்தான் செயின் மிக அதிகமாக வளைகிறது.

இந்தச் சாய்வால் மிதிக்கும் சக்தி வீணாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசரின் குழு இதைச் சோதித்து 2001இல் முடிவுகளை வெளியிட்டது. செயினின் திறன் 81 முதல் 98.6 சதவீதம் வரை மாறியது. அதைப் பெரிதும் தீர்மானித்தவை பல்சக்கரங்களின் அளவும் செயினின் இழுவிசையும்தான். பக்கவாட்டுச் சாய்வால் ஏற்பட்ட இழப்பு பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. ஆகவே வேகத்துக்காகச் செயின்லைனைத் திருத்த வேண்டியதில்லை. சத்தம் அடங்க, பற்களின் பக்கவாட்டுத் தேய்மானம் குறைய, செயின் கழன்று விழாமல் இருக்கத்தான் திருத்த வேண்டும். இந்த மூன்றும் போதுமான காரணங்கள்.

அப்படியானால் தயாரிப்பாளர்களே ஏன் பல்சக்கரத்தை வெளியே தள்ளுகிறார்கள்? இடமில்லை என்பதுதான் பதில். அகலமான டயரும், பின்சக்கரத்தை நோக்கிச் செல்லும் செயின்ஸ்டே குழாயும் பல்சக்கரமும் ஒரே சந்துக்குப் போட்டியிடுகின்றன. ட்ரெக், ஸ்ராம் நிறுவனங்கள் கொண்டுவந்த பூஸ்ட் அளவில் பின் ஹப் 142இலிருந்து 148 மி.மீ. ஆனது. பக்கத்துக்கு 3 மி.மீ. கேசட் அவ்வளவு வெளியே போனதால் முன் பல்சக்கரமும் 49இலிருந்து 52க்கு நகர்ந்தது. பூஸ்ட் கிராங்கைப் பழைய ஃபிரேமில் மாட்டினால் அந்த 3 மி.மீ. அப்படியே பிழையாக நிற்கும். ஸ்ராமின் நேரடியாகப் பொருந்தும் பல்சக்கரங்களில் 6 மி.மீ. உள்வளைவு உள்ளதை வாங்கினால் 49, 3 மி.மீ. உள்ளதை வாங்கினால் 52. கிராங்கை மாற்றாமலே கணக்கு நேராகிவிடும்.

சதுர முனை அச்சு உள்ள பழைய கிராங்குகளில் வேலை இன்னும் சுலபம். 118 மி.மீ. அச்சுக்குப் பதில் 113 போட்டால் பல்சக்கரம் 2.5 மி.மீ. உள்ளே வரும். இடப்பக்கக் கிராங்கும் அவ்வளவே உள்ளே வரும், அது செயின்ஸ்டேயில் உரசாமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஜப்பானிய அளவு அச்சும் ஐரோப்பிய அளவு அச்சும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மாற்றி மாட்டினால் கிராங்க் சில மில்லிமீட்டர் முன்பின்னாக அமரும், போட்ட கணக்கெல்லாம் தவறிவிடும். மூன்று சக்கரக் கிராங்கையே வைத்துக்கொண்டு ஒற்றைச் சக்கரமாக்குபவர்கள், அதைக் கிராங்கில் பல்சக்கரத்தைத் தாங்கும் கைகளின் வெளிமுகத்தில் மாட்டாமல் நடுச் சக்கரம் இருந்த உள்முகத்தில் மாட்டலாம். செலவு குட்டை போல்ட்டுகளுக்கு மட்டும்தான்.

இரண்டு பல்சக்கரங்களை வைத்துக்கொள்பவர்களுக்கு அவற்றின் இடைவெளியும் முக்கியம். எட்டு கியர் செயினின் வெளி அகலம் சுமார் 7.1 மி.மீ., பதினொரு கியர் செயினுக்கு சுமார் 5.5. பழைய கிராங்கில் புதிய ஒல்லிச் செயினைப் போட்டால் அது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே விழுந்து, பெடல் பிடிப்பில்லாமல் சுற்றக்கூடும். போல்ட்டுகளில் இருக்கும் வாஷரை மெலிதாக்கினால் இடைவெளி குறையும். சிலர் பல்சக்கரத்தைத் திருப்பி மாட்டிப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் செயினைத் தூக்கிவிடும் சரிவுகளும் முளைகளும் தவறான பக்கம் போய், கியர் மாறுவது கெட்டுவிடும். பெரிய சக்கரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ஒற்றை முளை மட்டும் வேறு வேலைக்கு. அது கிராங்குக் கையின் நேர் பின்னால் வர வேண்டும். வெளியே கழன்ற செயின் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே சிக்காமல் தடுப்பது அதுதான்.