மூன்று பேர், ஒரு கொம்பியூட்டர், ஐந்து மணித்தியாலம்

அல் கூஸில் இரவு வேலை முடிந்து பஸ்சுக்கு நிற்கும்போது, கூட வேலை செய்யும் அண்ணர் ஒருவர் கேட்டார்: "தம்பி, மகன் யூனிவேர்சிற்றியிலை ஏதோ கொம்பியூட்டர் போட்டிக்குப் பேர் குடுக்கப் போறானாம். அவனுக்கு வயது கூடிப்போச்சு எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். உண்மையோ?"

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். என்றாலும் விசாரித்தேன். எம்மைப் போல் புதிதாக வந்த குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

போட்டியின் பெயர் ஐ.சி.பி.சி. 1970 இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. முதலாவது இறுதிப்போட்டி 1977 இல் அட்லாண்டாவில் நடந்தது. ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று பேர் ஓர் அணி. மூவருக்கும் ஒரே கொம்பியூட்டர், ஐந்து மணித்தியாலம். ஒருவர் தட்ட மற்ற இருவரும் தாளில் கணக்குப் போட வேண்டும். கூடிய கணக்குகளைத் தீர்த்த அணி முன்னுக்கு வரும். எண்ணிக்கை சமமானால் நேரத்தைப் பார்ப்பார்கள். தீர்த்த கணக்கில் முன்பு பிழையாக அனுப்பிய ஒவ்வொரு விடைக்கும் 20 நிமிடம் தண்டனை. அவசரக்காரருக்கு இது நல்ல பாடம், எங்கள் மெசின்களைப் போலத்தான்!

1997 இல் 560 பல்கலைக்கழகங்கள் பங்குபற்றின. 2017 இல் 103 நாடுகளிலிருந்து 2,948. இவ்வளவு கூட்டத்துக்கு ஓர் அரிதட்டுக் காணாது. முதலில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தெரிவு. அரபு நாடுகளில் பிறகு அந்தந்த நாட்டுப் போட்டி, அதன்பின் அரபு நாடுகளுக்குப் பொதுவான போட்டி, கடைசியில் உலக இறுதி. இந்தியாவும் இலங்கையும் ஆசிய மேற்குப் பிரிவு. அமிர்தபுரி, கான்பூர், சென்னை போன்ற இடங்களில் பிராந்தியப் போட்டிகள் நடந்திருக்கின்றன. ஐரோப்பாவில் 2024 இல் கண்டம் முழுவதற்குமான படியொன்றையும் சேர்த்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அணிதான் உலக இறுதிக்குப் போகலாம். பெரிய பெயருள்ள இடத்தில் நாலாவது அணியாக நிற்பதிலும், சிறிய இடத்தில் முதல் அணியாக நிற்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

நாட்டுக் குழப்பங்கள் இதையும் விட்டுவைக்கவில்லை. 2011 இல் எகிப்தில் நடக்கவிருந்த இறுதிப்போட்டி, அங்கு மக்கள் கிளர்ச்சி எழுந்ததால் அமெரிக்காவின் ஒர்லாண்டோவுக்கு மாறியது. 2024 ஏப்ரலில் எகிப்தின் லக்சரில் 46 ஆவது, 47 ஆவது இறுதிகள் இரண்டையும் ஒன்றாக நடத்தினார்கள்.

இனி அண்ணரின் கேள்வி. அவரின் மகன் இடம்பெயர்வில் மூன்று வருடப் படிப்பை இழந்தவன். விதியில் இரண்டு வழிகள் உண்டு. குறித்த ஆண்டிலோ அதற்குப் பின்னோ பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உயர்கல்வியைத் தொடங்கி ஏறத்தாழ ஐந்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று சரியானால் போதும். ஆகவே பிந்திச் சேர்ந்த பிள்ளைக்கு வயது மட்டும் தடையல்ல. பல்கலைக்கழகப் படிப்பு இடையில் நின்றவர்கள் காரணம் காட்டி விலக்குக் கேட்கவும் இடமுண்டு. ஆண்டெல்லை வருடாவருடம் மாறும். பல்கலைக்கழகப் பயிற்றுநரிடம் முதலே கேளுங்கள். ஐந்து தடவை பிராந்தியப் போட்டியில் நின்றவரும், இரு தடவை உலக இறுதிக்குப் போனவரும் மீண்டும் நிற்க முடியாது.

அண்ணரிடம் இதைச் சொன்னேன். அன்று பின்னேரமே, மகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கடிதத்தைத் தேடி எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துவிட்டார்.