வீட்டில் அமைத்த விரியலாக்கியின் ஓலம்

மின் கித்தாரின் உருக்குக் கம்பி அதிரும்போது அதன் கீழுள்ள காந்தச் சுருளில் எழும் மின்னழுத்தம் மிகச் சிறிது. ஓர் உவோற்றின் பத்திலொரு பங்களவே எனலாம். அதனை ஒலிபெருக்கியை இயக்கவல்ல அளவிற்கு உயர்த்துங் கருவியே விரியலாக்கி. பேச்சு வழக்கில் இதனை அம்பிளிபையர் என்பர். கொழும்பு மாநகரில் 1960களில் மின் கித்தார்க் குழுக்கள் பெருகலாயின. கிளாரன்ஸ் விஜேவர்த்தனவின் கித்தாரால் மூன்ஸ்டோன்ஸ் குழு புகழ்பெற்றது. 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் தமிழ்ப் பொப்பிசையும் பரவிற்று. ஆனால் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தமையால் பிறநாட்டு விரியலாக்கியை வாங்குதல் எளிதன்று. கைத்திறன் உள்ளவர்க்குப் பழைய வானொலிப் பெட்டியே பொருட்சாலையாயிற்று. வால்வின் ஒலியை விரும்பித் தாமே கருவி அமைப்போர் இன்றும் உளர்.

இவ்வாறு அமைக்கப்படுங் கருவிகளிற் பல, ஆளியை இட்டுச் சிறிது நேரத்தில், கம்பியை எவருந் தொடாதிருக்கவும் ஊளையிடத் தொடங்கும். சில மோட்டார்ப் படகுபோலத் துடிக்கும். வேறு சில யாதும் ஒலியாமலே வால்வின் அனோட்டுத் தகட்டைச் சிவக்கக் காய்ச்சும். மூன்றும் ஒரு நோயின் வெவ்வேறு குறிகளே. அமைத்தவரோ வால்வைப் பழித்து வேறு வால்வு தேடுவார், ஓலம் நிற்பதில்லை.

நோயின் மூலம் யாது? கித்தார் விரியலாக்கிகளிற் பெருவழக்கான ஈ.சி.சி. 83 என்னும் வால்வின் ஒரு பாதி, தன் நெய்யரியிற் படும் அழுத்தத்தை ஏறத்தாழ 50 மடங்காக்கி, அதன் அவத்தையைத் தலைகீழாக்கி அனோட்டில் தரும். இத்தகைய இரு படிகள் அடுத்தடுத்து வரின் பெருக்கம் 2,500 மடங்காகும். இருமுறை தலைகீழாகியமையால் அவத்தையும் பழையபடி நேராகிவிடும். ஆதலின் இரண்டாம் படியின் வெளியீட்டில் 2,500இல் ஒரு பங்கு முதல் நெய்யரிக்கு நேர் அவத்தையில் மீண்டால் கருவி தன்னைத்தானே ஊட்டிக்கொண்டு அலையத் தொடங்கும். அவ்வளவு சிறு பங்கு எவ்வழியால் மீளும்? அருகருகே செல்லும் இரு கம்பிகளே போதும். அவற்றிடையே ஒரு பிக்கோபரட்டுக் கொள்ளளவம் இருப்பின், செக்கனுக்கு 10,000 அலைவுள்ள மீடிறனில் அது 16 மெகா ஓம் அளவான எதிர்ப்பையே காட்டும். நெய்யரிப் பக்கத்துத் தடை ஓர் இலட்சம் ஓம் எனக் கொண்டால் திரும்பி வருவது 160இல் ஒரு பங்கு. அவத்தை முற்றும் பொருந்தாவிடினும், வேண்டியதிலும் பன்மடங்கு மிகுதியான இத்தொகை கம்பிகளை மனம்போனபடி ஓட்டுவதன் அபாயத்தைக் காட்டும்.

இப்பின்னூட்டல் எப்போதுந் தீயதன்று. அமெரிக்கரான ஆம்ஸ்ட்ரோங் 1910களில் இதனையே வேண்டுமென்று பயன்படுத்தி, ஒரே வால்வால் மெல்லிய வானொலிச் சமிக்ஞையைப் பன்மடங்கு உயர்த்தினார். கொழும்பில் ஒலிபரப்பு முறையாக ஆரம்பமான 1925ஆம் ஆண்டளவில் இம்முறை உலகெங்கும் பரவியிருந்தது. அத்தகைய பெட்டியின் திருகைச் சற்று அதிகம் முறுக்கினால் பெட்டியே சிறு அனுப்பியாகி அயல்வீட்டாரின் பெட்டிகளிலும் கீச்சிடும். 1927 ஓகத்து 2ஆந் தேதி ஹரல்ட் பிளாக் என்னும் பொறியியலாளர், தொழிலுக்குச் செல்லும்போது ஹட்சன் ஆற்றுத் தோணியிலிருந்து செய்தித்தாளொன்றின் மேல் வேறொரு கருத்தை வரைந்தார்: வெளியீட்டின் ஒரு பங்கைத் தலைகீழ் அவத்தையில் மீளவிட்டால் திரிபு குறையும். இதுவே எதிர்ப் பின்னூட்டல். ஆயினும் வெளியீட்டு நிலைமாற்றி மிக உயர்ந்த மீடிறன்களில் அவத்தையைத் திருப்பிவிடுதலால், எதிராக அனுப்பியது நேராக வந்து சேர்தலும் உண்டு. இதன் எல்லையை 1932இல் நைக்குவிஸ்ட் கணிதமுறையால் வரையறுத்தார்.

கருவியைத் திறக்குமுன் உயிர் பற்றிய செய்தியொன்றைக் கூறுதல் வேண்டும். பழைய வானொலிகளுள் ஒருவகை நிலைமாற்றியின்றி நேரே 230 உவோற்று வழங்கலிற் பொருத்தப்படுவது. அதன் வால்வுப் பெயர்கள் பெரும்பாலும் யூ என்னும் எழுத்தில் தொடங்கும். இழைகள் தொடராக இணைந்திருக்கும். அதன் உலோக அடித்தட்டு வழங்கலின் ஒரு முனையோடு தொடுக்கப்பட்டது. செருகி மாறி நுழையின் தட்டு முழுவதும் உயிர்முனையாகும். வானொலியில் மரப்பெட்டி கேட்பவரைக் காத்தது. கித்தாரிலோ உருக்குக் கம்பிகள் அத்தட்டோடு இணைகின்றன, வாசிப்பவரின் விரல்கள் அக்கம்பிகளில் இருக்கின்றன. இத்தகைய பெட்டியைக் கித்தாருக்கு ஆக்கல் ஆகாது. இருசுற்றுந் தனித்தனியான நிலைமாற்றியும் மூன்று ஊசிச் செருகியின் புவித்தொடுப்பும் இன்றியமையாதன. ஆளியை நிறுத்திய பின்னும் ஒடுக்கிகளில் 300 உவோற்றுக்கு மேல் தங்கியிருக்கலாம். தக்க தடையொன்றினூடாக அதனை இறக்கி, உவோற்றுமானியால் அளந்த பின்னரே கை வைத்தல் வேண்டும்.

குற்றத்தைத் தேடுமிடத்து முதற்கண் இரைச்சலையும் அலைவையும் வேறுபடுத்தல் நன்று. மின்வழங்கலின் இரைச்சல் செக்கனுக்கு 50 அல்லது 100 அலைவிலேயே நிற்கும்; அலைவின் சுருதியோ திருகைத் திருப்புகையில் பெரும்பாலும் மாறும். சத்தத் திருகை முற்றாகக் குறைத்தும் ஓலம் நில்லாதாயின் குற்றம் அத்திருகிற்குப் பின்னுள்ள படிகளில் உள்ளது. நின்றுவிடின், வளையம் திருகிற்கு முன்னுள்ள பகுதியையும் உள்ளடக்கியதாகும். உலர்ந்த மூங்கிற் குச்சியால் கம்பிகளை ஒவ்வொன்றாக நகர்த்துக. ஒரு கம்பி அசைகையில் ஓலத்தின் சுருதி மாறுமாயின் கள்வன் அங்கேதான் ஒளிந்திருக்கிறான். அனோட்டுக் கம்பியை நெய்யரிக் கம்பியிலிருந்து விலக்குதலும், உள்ளீட்டுக் கம்பிக்கு உலோக உறையிட்டு அவ்வுறையைப் புவிக்குத் தொடுத்தலும் பரிகாரம்.

படகுத் துடிப்பு வேறுவகையது. எல்லாப் படிகளும் ஒரே மின்வழங்கலைப் பகிர்வதால் கடைசிப் படியின் ஓட்ட ஏற்றத்தாழ்வு முதற்படியை எட்டுகின்றது. அதனைத் தடுக்கவே படிகளிடையே தடையும் ஒடுக்கியும் வைக்கப்படுகின்றன. செக்கனுக்கு 5 அலைவில் 22 மைக்குரோபரட்டு ஒடுக்கி ஏறத்தாழ 1,450 ஓமே காட்டும்; அது காய்ந்து 2 மைக்குரோபரட்டாகக் குறைந்துவிட்டால் 16,000 ஓமாகும். 10,000 ஓம் தடையுடன் அது நின்றும் பயனில்லை. பழைய பெட்டியிற் கழற்றிய மின்பகு ஒடுக்கிகளை நம்புவது இதனாலேயே தகாது. வெள்ளவத்தை போன்ற கடலோரத்திலோ உப்புக் காற்றால் அடித்தட்டுப் புவித்தொடுப்பின் திருகாணிகள் துருவேறும். அத்தொடுப்பின் தடை உயர, அதுவே படிகளுக்குப் பொதுவான மீள்பாதையாகும். இதனைப் பலர் நோக்குவதேயில்லை.

செவிக்கு எட்டாத அலைவே மிகவும் வஞ்சகமானது. ஒலி மங்கித் திரிந்திருக்கும். வெளியீட்டு வால்வு காரணமின்றிச் சூடேறும். உயர் சுருதியைக் குறைக்கும் ஒடுக்கியொன்றைப் போட்டு ஒலியை அமுக்குவோர் உளர். அது குற்றத்தை மறைப்பதன்றி நீக்குவதன்று. சில ஆயிரம் ஓம் தடையொன்றை வெளியீட்டு வால்வின் நெய்யரியில் தொடராக இடுதலே முறை. அதனைத் தளத்தின் ஊசியிலேயே பற்றாசு வைத்தல் வேண்டும், இரண்டங்குலம் தள்ளிவைத்தால் இடையிலுள்ள கம்பியே மீண்டும் ஏரியலாகும். இனி, எதிர்ப் பின்னூட்டலை இணைத்தவுடன் ஓலமெழுந்து, கழற்றியவுடன் அடங்குமாயின், பெரும்பாலும் வால்வுக்கோ ஒடுக்கிக்கோ குற்றமில்லை. வெளியீட்டு நிலைமாற்றியின் இரு அனோட்டு முனைகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தினாற் போதும்.