பெருங்குடலில் காலியிடம்

"மாத்திரை சூடு, மோர் நிறையக் குடி" என்று ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறவரிடம் வீட்டில் சொல்வது வழக்கம். தொண்டை வலி போன கையோடு வயிறு கெட்டுப்போவதைப் பார்த்துப் பழகியவர்களின் பேச்சு அது. ஆனால் உள்ளே நடப்பதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை.

நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தைச் சேர்ந்த ரான் மைலோவும் சகாக்களும் 2016இல் கணக்கிட்டார்கள். அநேகமாக எல்லாம் பெருங்குடலில்தான். அமாக்சிசிலின் மாதிரி மருந்து, பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்து அதைக் கொல்கிறது. தொண்டைக் கிருமிக்கும் அந்தச் சுவர் உண்டு, குடலில் சும்மா இருக்கும் அப்பாவிக்கும் உண்டு. மனித செல்லுக்கு மட்டும் கிடையாது. மருந்துக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவே.

கோர்ஸ் முடிந்ததும் பெரும்பாலானவை திரும்பி வந்துவிடும். டென்மார்க்கில் ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு வீரியமான மூன்று ஆன்டிபயாட்டிக்குகளை நான்கு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை மாதத்தில் குடல் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்தது. ஆனால் எல்லோரிடமும் முன்பு இருந்த 9 இனங்கள், ஆறு மாதம் கழித்தும் பலரிடம் தென்படவில்லை.

இந்த இடைவெளியில்தான் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் தலைகாட்டும். 1935இல் பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் கண்டெடுத்த கிருமி இது. அந்தக் குழந்தைகளுக்கோ ஒரு குறையும் இல்லை. ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கு வரும் கடுமையான பெருங்குடல் அழற்சிக்கு இதுதான் காரணம் என்று தெரிய 1978 ஆனது. கெட்டியான உறை போர்த்திய வித்தாக இது மாதக்கணக்கில் கிடக்கும். ஆஸ்பத்திரியில் கையில் தடவும் சானிடைசர் அந்த வித்தை ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால், சாகாவிட்டாலும் தண்ணீரோடு போய்விடும்.

வித்து வயிற்றுக்குள் போனவர்கள் எல்லோரும் படுத்துவிடுவதில்லை. காரணம் பித்தநீர். ஈரலிலிருந்து வந்தபடியே இருக்கும் டாரோகோலேட் என்ற பித்த உப்பு வித்தை முளைக்கத் தூண்டுகிறது. பெருங்குடலில் குடியிருக்கும் சில பாக்டீரியாக்கள் பித்த அமிலங்களை டிஆக்சிகோலேட் போன்றவையாக மாற்றிவிடுகின்றன. முளைத்த கிருமியை அது வளரவிடாது. மாற்றும் வேலையைச் செய்கிறவர்களையே ஆன்டிபயாட்டிக் ஒழித்துவிட்டால் முளைக்கத் தூண்டுவது மிஞ்சும், அடக்குவது இல்லாமல் போகும். டிஃபிசிலைக் கொல்ல வான்கோமைசின் கொடுக்கிறார்கள். அதுவும் ஆன்டிபயாட்டிக்தான், மிச்சமிருப்பவர்களையும் காலி செய்யும். வித்துகள் பிழைத்துக்கொள்ளும். நோய் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

மருத்துவம் கண்ட வழி முகம் சுளிக்க வைக்கும். 1958இல் அமெரிக்காவின் டென்வரில் பென் ஐஸ்மேன் என்ற அறுவை மருத்துவர், கடுமையான குடல் அழற்சியால் சாகக்கிடந்த நான்கு பேருக்கு, ஆரோக்கியமானவர்களின் மலத்தைக் கரைத்து எனிமாவாக ஏற்றினார். நான்கு பேரும் பிழைத்தார்கள். ஆனாலும் முறையான சோதனைக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அருவருப்புக்கும் அதில் பங்கிருக்கும் என்றே நினைக்கிறேன். 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 16 பேருக்கு மலக் கரைசலை மூக்கு வழியாகக் குழாய் செருகிக் குடலில் இறக்கினார்கள். ஒரே தடவையில் 13 பேர் குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் எடுத்த 13 பேரில் குணமானவர்கள் 4 பேர். இவ்வளவு வித்தியாசம் தெரிந்ததும் சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துத் தரும் புரோபயாட்டிக் கேப்சூல் இதே வேலையைச் செய்யாதா? வைஸ்மான் நிறுவனத்தின் 2018 ஆய்வில் நேர்மாறாக நடந்தது: கேப்சூல் எடுத்தவர்களைவிட எதுவும் எடுக்காதவர்களின் குடல் சீக்கிரம் தேறியது. சில பேரிடம் மட்டும் செய்த ஆய்வு. மோர் குடிப்பதை நிறுத்த இது காரணமில்லை.

டிஃபிசில் நோய் திரும்பாமல் தடுக்க 2023இல் அமெரிக்கா அனுமதித்த வௌஸ்ட், தானமாகப் பெற்ற மலத்திலிருந்து பிரித்தெடுத்த நல்ல பாக்டீரியா வித்துகளை அடைத்த கேப்சூல். நாளுக்கு 4 வீதம் மூன்று நாள். அதைத் தொடங்குவதற்கு முந்தின நாள் பேதி மருந்து கொடுத்து, குடலில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை வெளியேற்றுகிறார்கள். விட்டுவைத்தால், புதிதாகப் போகிற வித்துகள் முளைத்ததும் அவற்றையும் அது கொன்றுவிடும்.