கண்ணாடி போச்சா? கயிறு எடுங்க!

ஹிப்பிகள் பூப்படம் வரைந்து ஓட்டினார்களே, அந்த ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்தால் கேம்பர்; நடமாடும் வீடு! ஜெர்மனியில் 1967 வரை வந்த வண்டிக்கு முன்கண்ணாடி இரண்டு துண்டு. ரெண்டும் தட்டைதான். உடைந்தால் அளவு கொடுத்து லேமினேட்டட் கண்ணாடி வெட்டி வாங்கிடலாம். அப்புறம் 'ஸ்டைலாக' வளைத்து ஒரே கண்ணாடி ஆக்கினார்கள். வளைக்க அச்சு வேணுமே! என்னைக் கேட்டால் தட்டைதான் புத்திசாலித்தனம்.

மாட்டுவதற்குப் பசை கிடையாது, ரப்பர் பீடிங்தான். அதைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, வெளிப்பள்ளத்தில் கயிறு ஓட்டி, சோப்புத் தண்ணி தடவணும். வெளியே ஒருத்தர் அமுக்க, உள்ளே ஒருத்தர் கயிற்றை மெள்ள இழுத்தால், ரப்பர் விளிம்பு தகரத்தின்மேல் ஏறி உட்காரும். (இருவருக்கும் பேச்சுவார்த்தை இருப்பது நலம்.)

பழைய ரப்பரைப் பிடுங்கினால்தான் நிஜமான செலவு தெரியும். கீழ் மூலைகளில் தகரம் பக்கோடா மாதிரி துருவேறிப் பொரிந்திருக்கும். அதை வெட்டி, வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடிக்காமல் அவசரப்பட்டால், மழைத் தண்ணி உள்ளே வரும். அதாவது பரவாயில்லை ஸார், நெளிந்த விளிம்பில் உட்கார்ந்த புதுக் கண்ணாடி ஒரே ஒரு பள்ளத்தில் இறங்கியதும் விரிசல் விடலாம். 'டமார்' கூட இல்லை, வெறும் 'டிக்'!