குடியுரிமையும் வதிவிடமும்: இங்கிலாந்துப் பல்கலைக்கழகக் கட்டணநிலை

பிரித்தானியக் கடவுச்சீட்டு உடைய மாணவர் எவரும் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் உள்நாட்டுக் கட்டணமே செலுத்துவர் எனப் பலர் கருதுகின்றனர். குடியுரிமை மட்டும் போதுமானதன்று. கல்வியாண்டின் முதல் நாளுக்கு முந்திய 3 ஆண்டுகள் பிரித்தானியாவில் 'வழக்கமான வதிவிடம்' கொண்டிருத்தலும் பொதுவாக வேண்டப்படுகிறது. இத்தொடரின் பொருளைப் பிரபுக்கள் சபை 1982 டிசம்பரில் ஷா வழக்கில் வரையறுத்தது: ஒருவர் தம் விருப்பத்துடனும் நிலையான நோக்கத்துடனும் தம் அன்றாட வாழ்க்கையை நடத்தும் இடமே அது.

பெற்றோர் தற்காலிகப் பணியின் பொருட்டுச் சிங்கப்பூரில் வாழ்ந்திருப்பின், உடன் வாழ்ந்த பிள்ளையின் வதிவிடம் அறுபட்டதாகக் கொள்ளப்படுவதில்லை. ஆயின் அப்பணி தற்காலிகமானதென ஒப்பந்தம் முதலிய சான்றுகளால் நிறுவுதல் வேண்டும். நிறுவ இயலாதார், 2025-26ஆம் கல்வியாண்டில் 9,535 பவுண்டாக இருந்த உள்நாட்டு உச்சவரம்பின் பயனை இழந்து, சட்ட வரம்பற்ற வெளிநாட்டுக் கட்டணத்தைச் செலுத்த நேரும். எனவே, நாடு விட்டுச் செல்லும்போதே அச்சான்றுகளைப் பேணத் தொடங்குதல் நன்று.