இல்லறமும் ஒலிவாங்கியும்

ஊர் அடங்கிய பின்னர் ஒரு கோவிலின் திருவுடை அறைக்குட் புகுந்து, கதவையும் யன்னல்களையும் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்வை வழிய வழிய மூவர் தாழ்ந்த குரலில் உரையாடிக்கொண்டிருந்தால், வெளியே நிற்பவர் என்ன எண்ணுவார்? எங்கள் கோவிற் காவலாளி முதல்நாள் கள்வர் என்றே எண்ணிவிட்டார். நாங்கள் திருடவில்லை, இல்லறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

யாழ்ப்பாணத்திலே முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் பங்குத் தந்தை ஒருநாள் வீடு தேடி வந்து, "மாஸ்டர், கலியாணத்தையும் குடும்பத்தையும் பற்றி ஒரு பொட்காஸ்ட் தொடங்கப் போறம், எழுதித் தரவேண்டியது நீங்கள்தான்" என்றார். 2004ஆம் ஆண்டிலே ஓர் ஆங்கிலப் பத்திரிகையிற் பிறந்த அச்சொல்லை இப்போது தமிழில் வலையொலி என்றும் வழங்குகின்றனர். வானொலிக்கு நேரமுண்டு; இதற்கு இல்லை. பதிவு செய்த பேச்சைக் கேட்பவர் தமக்கு வாய்த்த வேளையிலே, சமையலறையிலோ பேருந்திலோ, கைத்தொலைபேசியிற் கேட்டுக்கொள்வர். 1841இல் உதயதாரகையை அச்சிட்ட அமெரிக்க மிஷனரிமார், அக்காலத்துப் புதுக்கருவியாகிய அச்சியந்திரத்தைக் கண்டு அஞ்சவில்லை. நாம் மட்டும் ஏன் அஞ்சவேண்டும் என்று நானும் இசைந்தேன்.

திருவுடை அறையைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. துணி எதிரொலியை விழுங்கும். பூசை உடைகள் நிறைந்த அலுமாரிகள் சூழ்ந்த அவ்வறையைவிடச் சிறந்த ஒலிப்பதிவுக் கூடம் எங்கள் ஊரில் இல்லை. இரவைத் தெரிந்தமைக்கும் காரணம் உண்டு. பகலிலே காகம் கரையும். அது ஓய்ந்தால், பீதோவன் இயற்றிய இன்னிசையை ஒலித்துக்கொண்டு பாண் விற்கும் முச்சக்கர வண்டி வரும்.

எங்களுள் மூன்றாமவர் ஒரு பல்கலைக்கழக மாணவர். பதிவைச் செப்பனிடுவது அவர் பொறுப்பு. கணினித் திரையிலே ஒலி மலைத்தொடர்போலத் தோன்றும். பேச்சு மலை, மௌனம் சமவெளி. அச்சமவெளிகளை வெட்டி எறிவதே அவருக்கு முதல் வேலை. "சேர், இரண்டு வினாடிக்கு மேலை சத்தமில்லாட்டில் ஆக்கள் நிப்பாட்டிப்போட்டுப் போயிடுவினம்" என்பது அவர் வாதம். ஒரு நிமிடப் பேச்சு ஏறக்குறைய அரை மெகாபைற்றில் அடங்கவேண்டும் என்பது அவர் வகுத்த மற்றொரு விதி. தரவுக்குக் காசு எண்ணிச் செலவிடும் வீடுகளுக்கு அது நல்ல விதியே.

சீதனம், மது, மாமி மருமகள் பிணக்கு, கணவனுக்குத் தெரியாமல் மனைவி வாங்கும் நுண்கடன், வெளிநாட்டுப் பணம் வந்து உறவைக் கெடுக்கும் விதம் எனப் பத்துப் பேச்சுகள் வெளிவந்தன. பதினொன்றாவதற்கு, காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டிலே வெளியிட்ட 'அமோரிஸ் லெத்தீசியா' என்னும் ஊக்கவுரையிலிருந்து ஒரு கருத்தை எடுத்துக்கொண்டோம். இசைவு கேட்கும் சொல், நன்றி கூறும் சொல், மன்னிப்புக் கோரும் சொல் ஆகிய மூன்றும் குடும்பத்தில் வழங்கவேண்டும் என்பது அது.

எழுத உட்கார்ந்தபோது எனக்கு ஐயம் எழுந்தது. நம் வீடுகளிலே எந்த மனைவி கணவனுக்கு நன்றி கூறுகிறாள்? எந்தக் கணவன் வாய்திறந்து மன்னிப்புக் கேட்கிறான்? ஆயினும் அவை இல்லாமலில்லை. கேளாமலே வைக்கப்படும் தேநீரில் நன்றி இருக்கிறது. சண்டைக்குப் பின் "சாப்பிட வாருங்கோ" என்னும் அழைப்பிலே மன்னிப்பு இருக்கிறது. மூன்றும் ஒருங்கே உறையும் சொல்லும் யாழ்ப்பாணத்தாரிடம் உண்டு, அதுதான் 'இஞ்சருங்கோ'. கணவன் பெயரை நாவால் உச்சரியாத மனைவி அவனை அழைக்கும் சொல். 'இங்கே பாருங்கள்' என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை; ஆனால் ஒலிக்கும் விதத்தால் அது கோபமாகும், கெஞ்சலாகும், குழைவாகும். "இன்றிரவு உங்கள் வீட்டில் அச்சொல் எந்தக் குரலில் ஒலிக்கின்றது என்று செவிகொடுத்துப் பாருங்கள்" எனப் பேச்சை முடித்திருந்தேன். ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் பாராட்டுகள் வந்தன. எனக்குச் சற்றே தலைக்கனமும் வந்தது.

மூன்றாம் நாள், அறியாத ஓர் இலக்கத்திலிருந்து ஒரு குரற்பதிவு வந்தது.

"மாஸ்டர், உங்கடை பேச்சு நல்லாயிருந்தது. நான் 2009ஆம் ஆண்டு வைகாசியிலையிருந்து ஒருத்தரையும் இஞ்சருங்கோ எண்டு கூப்பிடேல்லை. எங்களைப்போல ஆக்களுக்கு நீங்கள் என்ன சொல்லப்போறியள்?"

நான் எழுதிய பதினொரு பேச்சுகளையும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் "அன்பான தம்பதியரே" என்றே தொடங்கியது. போர் தின்ற மண்ணிலிருந்துகொண்டு, வீடுதோறும் கணவனும் மனைவியும் எதிரெதிரே இருந்து சோறுண்பதுபோல எழுதியிருக்கிறேன்! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பங்குத் தந்தை அழைக்க, அப்பெண்மணி வந்தார். வட்டுவாகற் பாலத்தடியிலே கணவரைக் கடைசியாகக் கண்டவர். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகன் இப்போது அவருக்குத் துணையாக வந்து வாசலில் நின்றான். பெயர் கூறோம் என்று உறுதியளித்துப் பதிவைத் தொடங்கினோம். பிள்ளை வளர்த்ததையும், தையல் தொழிலையும் பற்றி அமைதியாகவே சொல்லிவந்தார். பிறகு பங்குத் தந்தையை நோக்கி ஒரு கேள்வி கேட்டார்.

"பாதர், நவம்பர் மாசம் செத்த ஆக்களின்ரை பேரை எழுதித் தரச்சொல்லிக் கோயிலிலை கேக்கிறியள். நான் அவற்றை பேரை எழுதினால், அவர் செத்திட்டார் எண்டு நானே சொன்னதாப் போகும். எழுதாட்டில், ஒருவேளை அவர் இல்லையெண்டால், அவருக்காகச் செபிக்க ஒருத்தரும் இல்லை. நான் எந்தப் பட்டியலிலை எழுத?"

அறையிலே பேச்சில்லை.

சட்டம் இவருக்குத் தாள்களைக் காட்டியது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், ஓராண்டுக்கு மேலாகக் காணாமற்போனவரின் மரணத்தைப் பதிவு செய்ய வழிவகுத்தது. மரணச் சான்றிதழை ஏற்க மனமில்லாதோருக்கு, ஆள் காணப்படவில்லை என்று மாத்திரம் கூறும் சான்றிதழைப் பெற 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இடமளித்தது. திருச்சபையின் நெறியோ இன்னும் இறுக்கமானது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1707ஆம் விதிப்படி, எத்தனை ஆண்டு கழிந்தாலும் ஆள் இல்லாமை ஒன்றே மரணத்துக்குச் சான்றாகாது. மறுமணத்துக்கு இசைவு வேண்டின், இறந்தார் என்னும் மன உறுதி ஆயருக்கு ஏற்படவேண்டும். மரணம் பிரிக்கும்வரை என்று வாக்களித்து மணந்தவர் இவர். அந்த மரணம் நிகழ்ந்ததா இல்லையா என்பதை இவருக்குக் கூறுவார் இல்லை. மனைவி என்பதா, கைம்பெண் என்பதா? நான் படித்த தமிழிலே இந்நிலைக்கு ஒரு சொல் இல்லை.

பங்குத் தந்தை நெடுநேரம் தலைகுனிந்திருந்துவிட்டுச் சொன்னார்: "அதைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லையம்மா. நீங்கள் எதிலை எழுதித் தந்தாலும் நான் வாசிப்பன். ஒரு வருசம் ஒண்டிலை எழுதி, அடுத்த வருசம் மாத்தி எழுதினாலும் வாசிப்பன்."

பொறுத்திருங்கள், செபியுங்கள், கடவுள் வழிகாட்டுவார் என்று நானாயின் எழுதிக் கொடுத்திருப்பேன். அன்று என் கையிலே தாள் இல்லாதது நன்றாயிற்று. குடும்ப வாழ்வைப் பற்றிப் பிறருக்கு உரைக்க முற்படும் எவரும் முதலிற் பயிலவேண்டியது, உரையாமலிருக்கும் இடத்தை அறிதலே என்று அன்று கற்றேன். ஆறுதல் என்னும் பெயரால் நாம் அவசரப்பட்டுச் சொல்லும் விடை, பெரும்பாலும் நம் சங்கடத்தைத் தீர்ப்பதற்கே உதவுகிறது.

மறுநாள் கணினித் திரையிலே அக்கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் ஒரு நீண்ட சமவெளி கிடந்தது. பதினான்கு வினாடி. மாணவர் அதன்மேற் கைவைத்தார், பிறகு எடுத்துக்கொண்டார்.

"சேர், இது இருக்கட்டும்" என்றார்.

இருந்தது. கேட்டவர் எவரும் நிறுத்திவிட்டுப் போனதாக நாங்கள் அறியவில்லை. அதே கேள்வியைத் தாமும் நெஞ்சிற் சுமப்பதாக வேறு பலர் குரல் அனுப்பினர். அவருட் சைவரும் இருந்தனர். அவ்வாண்டு நவம்பர்ப் பூசையிலே அம்மனிதரின் பெயர் உயிருள்ளோருக்கான வேண்டுதலில் வாசிக்கப்பட்டது. இவ்வாண்டு அவர் மனைவி எதில் எழுதித் தருவாரோ அறியேன். அது அவருடைய உரிமை.

நான் செய்த மாற்றம் சிறிது. பன்னிரண்டாம் பேச்சிலிருந்து "அன்பான தம்பதியரே" என்று தொடங்குவதை விட்டுவிட்டேன். "அன்பான வீட்டாரே" என்று எழுதுகிறேன். ஒருவரே இருந்தாலும் அது வீடுதான்.