மாருதி என்ஜினும் பந்தயக் காரும்

கோவை செட்டிபாளையத்தில் ஒரு கார் பந்தயத் தடம் இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? 2003-ல் திறந்தார்கள். கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர். நம் ஊர்க்காரர் எஸ். கரிவர்தனின் நினைவாக வைத்த பெயர் அது.

1980-களில் நம் நாட்டில் ரேஸ் ஓட்ட ஆசைப்பட்ட இளைஞர்களுக்குக் கார் கிடைப்பதே பெரும்பாடு. கரிவர்தன் அப்போது தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800-ஐப் பார்த்தார். அதன் என்ஜின் 796 சிசி, மூன்றே சிலிண்டர். குடும்பத்தோடு கடைவீதிக்குப் போய்வர ஏற்றது. அந்த என்ஜினை வைத்தே ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் காரைக் கட்டினார். ஃபார்முலா மாருதி பிறந்தது. கதவு இல்லை, கூரை இல்லை, பின் சீட்டும் இல்லை.

சின்ன என்ஜின்தானே, அது எப்படிப் பந்தயத்துக்கு உதவும்? இதற்கான விடையை ஐசக் நியூட்டன் 1687-லேயே எழுதி வைத்துவிட்டார்:

விசை = நிறை × முடுக்கம்

முடுக்கம் என்பது வேகம் அல்ல, கண்ணுகளா. பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான். அவிநாசி சாலையில் ஒரு பஸ் நேராக, மாறாத 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதன் முடுக்கம் பூஜ்ஜியம். வேகம் ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு மாறுகிறது என்பதே முடுக்கம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிதாக இருக்க, ஆட்களோடு சேர்த்து ஒரு காரின் நிறை 800 கிலோ, அதை முன்னே தள்ளும் விசை 1,600 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 1,600-ஐ 800-ஆல் வகுத்தால் 2. அதாவது ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 2 மீட்டர் கூடும். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தைத் தொட 10 விநாடி ஆகும். அதே விசையை 400 கிலோ காருக்குக் கொடுங்கள். முடுக்கம் 4 ஆகிறது. 5 விநாடியே போதும்! நிஜத்தில் காற்றும் எதிர்த்துத் தள்ளும் என்பதால் கொஞ்சம் வித்தியாசப்படும். ஆனால் வழி இதுதான். விசையைக் கூட்ட முடியாவிட்டால் நிறையைக் குறை. கரிவர்தன் அதைத்தான் செய்தார்.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேக்ளாக்காரர்களுக்கும் இது தெரியும். பாரம் ஏற்றும் மாட்டு வண்டியைப் பந்தயத்தில் பூட்ட மாட்டார்கள். ரேக்ளா வண்டி எலும்பும் தோலுமாகத்தான் இருக்கும்.

வளைவில் என்ன நடக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வேகம் மாறாமல் திசை மட்டும் மாறினாலும் அது முடுக்கமே. 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் நம் 400 கிலோ கார் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் திரும்புகிறது. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, ஆரத்தால் வகுக்க வேண்டும். முடுக்கம் 10 வருகிறது. அப்படியானால் தேவையான விசை 4,000 நியூட்டன். காரைக் கிளப்பத் தேவைப்பட்டதைவிட இரண்டரை மடங்கு! அத்தனையையும் டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வுதான் கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் கார் தடத்தை விட்டு வெளியே போய்விடும். அதனால்தான் நல்ல ஓட்டுநர் வளைவுக்கு முன்பே பிரேக் போடுகிறார்.

ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவைப் பையன் ஒருவர் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவர் நரேன் கார்த்திகேயன். அந்த ஆண்டு விதிப்படி, பந்தயத்தில் ஓட்டுநரோடு சேர்த்துக் கார் 600 கிலோவுக்குக் குறையக் கூடாது.

உங்களுக்கு ஒரு வேலை. 600 கிலோ கார் ஒன்று இரண்டரை விநாடியில் விநாடிக்கு 28 மீட்டர் வேகத்தைத் தொட, சராசரியாக எத்தனை நியூட்டன் விசை வேண்டும்? நோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 6,720 வந்தால் சரி.